புதிய டாஷ்போர்டில் பழைய வேலைகள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் சேர்ந்து எழுதும் ஒரு தளம், வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் ஓடுகிறது. பல வருடங்களாக அப்டேட் செய்யாமல் 4.9 பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்ததை ஹோஸ்டிங்காரர்கள் ஒரேயடியாகப் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது எழுத உட்கார்ந்தால் இடப்பக்க மெனுவைக் காணோம், வகைகளைத் தேர்வு செய்யும் பெட்டியைக் காணோம், தோற்றப் பகுதியில் விட்ஜெட் (தளத்தின் ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டிகள்) பக்கத்தையே காணோம். குழுவில் மூத்தவர்கள் இருவர் இனி எழுதப் போவதில்லை என்கிறார்கள். பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா, இல்லை பழகித்தான் ஆக வேண்டுமா?

பழைய பதிப்புக்குத் திரும்பாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எரிச்சலில் பலரும் முதலில் செய்யத் துணிவது இதைத்தான். பதிப்பு ஏறும்போது டேட்டாபேஸின் அமைப்பும் கூடவே மாற்றப்படுகிறது; அதைத் திரும்ப இறக்குவதற்கென்று வேர்ட்பிரஸில் வழி எதுவும் இல்லை. பழைய பேக்கப்பைப் போட்டால் இடையில் வந்த பதிவுகளும் மறுமொழிகளும் போய்விடும். அப்படியே திரும்பினாலும் அதிகாரபூர்வமாக ஆதரவு இருப்பது கடைசிப் பதிப்புக்கு மட்டும்தான். பிடிக்காத எடிட்டருக்குப் பயந்து பாதுகாப்பு ஓட்டைகளோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். உங்களுக்குப் பிடிக்காதது பெரும்பாலும் எழுதும் திரை மட்டும்தான். அதை மட்டும் பழையபடி ஆக்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய எதுவும் தொலையவில்லை. பதிவுகள் டேட்டாபேஸில் ஓர் அட்டவணையில் உரையாக இருக்கின்றன. டாஷ்போர்டு என்பது அவற்றை எடுத்துக்காட்டும் திரை. திரை மாறியதால் உள்ளே இருப்பது மாறாது. பழைய பதிவு ஒன்றைத் திறந்து பார்த்தால் முழுப் பதிவும் 'கிளாசிக்' என்ற ஒரே பிளாக்குக்குள் அப்படியே இருப்பதைக் காணலாம். பிளாக் என்பது பத்தி, படம் என்று புதிய திரை பதிவைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு துண்டு. 'பிளாக்குகளாக மாற்று' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பழைய பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். எதையாவது திருத்த வேண்டி வந்தால் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஷார்ட்கோடு (சதுர அடைப்புக்குள் எழுதும் சிறு கட்டளை), படத்தொகுப்பு, அட்டவணை உள்ள பதிவானால் மாற்றியபின் முன்னோட்டம் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். சொதப்பினாலும் 'ரிவிஷன்ஸ்' பகுதியில் பழைய வடிவம் இருக்கும், மீட்டுக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் 'காணோம்' என்று சொன்ன மூன்றையும் பார்ப்போம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. டாஷ்போர்டில் ஒன்றைக் காணோம் என்றால் அது இடம் மாறியிருக்கலாம், மறைக்கப்பட்டிருக்கலாம், அல்லது உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கலாம். எது என்று தெரியாமல் தேடுவதில்தான் பாதி நேரமும் முழுப் பொறுமையும் போகிறது.

இடப்பக்க மெனு மறைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பிலிருந்து பதிவு எழுதும் திரை இயல்பாகவே முழுத்திரையில் திறக்கிறது. இடது மேல் மூலையில் வேர்ட்பிரஸின் சின்னமோ உங்கள் தளத்தின் சின்னமோ தெரியும். அதைச் சொடுக்கினால் பதிவுகளின் பட்டியலுக்கு வந்துவிடுவீர்கள், மெனுவும் வந்துவிடும். எழுதும்போதே மெனு பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி 'ஃபுல்ஸ்கிரீன் மோட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். முன்பெல்லாம் இந்தத் தேர்வு உலாவியில் மட்டுமே சேமிக்கப்பட்டது. அதனால் வேறு கணினிக்குப் போனாலோ உலாவியின் தரவை அழித்தாலோ மறுபடி முழுத்திரை வந்து நிற்கும். 6.1 பதிப்பிலிருந்து அது உங்கள் பயனர் கணக்கிலேயே பதிகிறது. ஒருமுறை செய்தால் போதும்.

வகைகள் பெட்டி விஷயம் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் புதிதாக வருகிற பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். வலப்பக்க சைட்பாரின் தலையில் இரண்டு தாவல்கள் இருக்கின்றன: ஒன்று 'போஸ்ட்', இன்னொன்று 'பிளாக்'. வகைகள், குறிச்சொற்கள், சிறப்புப் படம், சுருக்கம், வெளியிடும் தேதி எல்லாம் 'போஸ்ட்' தாவலில்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுத ஆரம்பித்து ஒரு பத்தியில் கர்சரை வைத்த கணமே சைட்பார் தானாக 'பிளாக்' தாவலுக்குத் தாவிவிடுகிறது. அங்கே எழுத்தின் அளவு, நிறம் போன்றவைதான் தெரியும். ஒரு நிமிடத்துக்கு முன் பார்த்த வகைகள் பெட்டி இப்போது இல்லையே என்று ஆள் குழம்பிப்போகிறார். 'போஸ்ட்' என்பதை ஒரு முறை தொட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். சைட்பாரே தெரியவில்லை என்றால் வெளியிடும் பொத்தானுக்குப் பக்கத்தில் சைட்பார் படமிட்ட சிறு பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள். அங்கும் வகைகள் இல்லை என்றால் மட்டும், மூன்று புள்ளிக்குள் 'ப்ரிஃபரன்சஸ்' போய் அந்தப் பகுதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கஸ்டம் ஃபீல்டுகளைப் பயன்படுத்துபவராக இருந்தால் அவற்றை இயக்குவதும் அந்த 'ப்ரிஃபரன்சஸில்'தான். இயல்பாக அவை அணைந்தே இருக்கும்.

மூன்றாவது, விட்ஜெட் பக்கம். இதில் எனக்கு ஒரு சந்தேகம். 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பில் விட்ஜெட் பக்கம் பிளாக் வடிவத்துக்கு மாறியது, ஆனால் மெனுவிலிருந்து போகவில்லை. மெனுவிலேயே இல்லை என்று நீங்கள் சொல்வதால், அப்டேட் செய்யும்போது தீம் எனப்படும் தோற்ற வடிவமைப்பையும் மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பழைய தீம் புதிய பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட கணினி மொழி) பதிப்போடு ஒத்துப்போகாததால் வேர்ட்பிரஸோடு வரும் இயல்புத் தீமைப் போட்டுவிடுவது நடக்கிற விஷயம்தான். 2022 ஜனவரியில் வந்த 5.9-இலிருந்து அந்த இயல்புத் தீம்கள் எல்லாம் பிளாக் தீம்கள், அதாவது தளம் முழுவதையும் பிளாக்குகளால் அமைப்பவை. பிளாக் தீம் ஓடும்போது விட்ஜெட், மெனு, கஸ்டமைஸ் ஆகியவை தோற்றப் பகுதியில் வராது. அவற்றுக்குப் பதில் 'எடிட்டர்' என்ற ஒன்று வரும். தலைப்பகுதி, அடிப்பகுதி, பக்க அமைப்பு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே செய்ய வேண்டும்.

எனவே ஹோஸ்டிங்காரர்களிடம் தீமை மாற்றினீர்களா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால், பிளாக் வகை அல்லாத, இன்றும் பராமரிப்பில் உள்ள ஒரு தீமைப் போட்டுக்கொண்டாலே விட்ஜெட் பக்கம் திரும்பிவிடும். பழைய விட்ஜெட்டுகள் சைட்பாரில் வந்து உட்காராவிட்டாலும் 'செயலற்ற விட்ஜெட்டுகள்' என்ற பகுதியில் கிடக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மாற்றவில்லை என்றால், உங்கள் கணக்கின் ரோலை, அதாவது அதற்குக் கொடுத்திருக்கும் அதிகார நிலையைப் பாருங்கள். நிர்வாகிக்கு மட்டும்தான் விட்ஜெட்டுகளும் ப்ளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) தெரியும். 'எடிட்டர்' ரோலில் இருப்பவருக்கு விட்ஜெட் பக்கமும் வராது, ப்ளகின் மெனுவும் வராது. டாஷ்போர்டு மாறிவிட்டது என்று வரும் புகார்களில் சில உண்மையில் ரோல் மாறிய கதையாக இருக்கும்.

இவற்றைத் தாண்டி, டாஷ்போர்டின் மற்ற பக்கங்களில் எதைத் தேடினாலும் முதலில் போக வேண்டிய இடம் மேலே வலப்பக்கம் இருக்கும் 'ஸ்கிரீன் ஆப்ஷன்ஸ்'. முகப்பில் எந்தப் பெட்டிகள் தெரிய வேண்டும், பதிவுப் பட்டியலில் எந்த நெடுவரிசைகள் வேண்டும், ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவுகள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. பதிவுப் பட்டியலில் இருபது இருபதாகப் பார்த்துச் சலித்தவர் அங்கே எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. முகப்பில் 'நிகழ்வுகளும் செய்திகளும்' பெட்டி உங்களுக்குத் தேவையில்லை என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். 'குவிக் டிராஃப்ட்' தேவை என்றால் அதை இழுத்து மேலே வையுங்கள். இந்தத் தேர்வுகள் எல்லாம் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. குழுத் தளத்தில் இதை மறக்கவே கூடாது. உங்கள் திரையைப் படமெடுத்து மூத்தவருக்கு அனுப்பி 'இந்த இடத்தில் பாருங்கள்' என்றால், அவர் திரையில் அது வேறு இடத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அவர் கணக்கில் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை ஒழுங்கு செய்து கொடுத்துவிடுவதுதான் சரியான வழி.

கொஞ்சம் பின்கதையும் சொல்லலாம், பதற்றம் குறையும். 2008 மார்ச்சில் வந்த 2.5 பதிப்பில் வேர்ட்பிரஸின் நிர்வாகப் பகுதி முழுக்க மாற்றி வடிவமைக்கப்பட்டது. ஹேப்பி காக் என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள், மெனு மேலே கிடைமட்டமாக இருந்தது. அதே வருடம் டிசம்பரில் 2.7 வந்தபோது மறுபடி முழுக்க மாற்றி மெனுவை இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'ஸ்கிரீன் ஆப்ஷன்ஸ்' வந்ததும் அப்போதுதான். 2013 டிசம்பரில் 3.8 வந்தபோது கறுப்பு மெனு, பெரிய எழுத்து, செல்பேசியிலும் சரியாகத் தெரியும் அமைப்பு, எட்டு வண்ணத் திட்டங்கள் என்று தோற்றம் அடியோடு மாறியது. ஆனால் மெனு இருந்த இடத்திலேயே இருந்தது. 2018 டிசம்பர் 6 அன்று வந்த 5.0-இல்தான் எழுதும் திரையே மாறி, கூட்டன்பர்க் என்று அழைக்கப்பட்ட பிளாக் எடிட்டர் வந்தது. அப்போது எழுந்த எதிர்ப்பில், 4.9-ஐ அடிப்படையாக வைத்து கிளாசிக்பிரஸ் என்று தனி மென்பொருளே பிரிந்துபோனது.

ஆக, 2008 டிசம்பர் முதல் இன்றுவரை எலும்புக்கூடு ஒன்றுதான்: இடப்பக்கம் பதிவுகள், ஊடகம், பக்கங்கள், மறுமொழிகள், அப்புறம் தோற்றம், ப்ளகின்கள், பயனர்கள், கருவிகள், அமைப்புகள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது புதிய மென்பொருளை அல்ல. எழுதும் திரை ஒன்றை மட்டும்தான்.

அதையும் முழுதாகக் கற்க வேண்டாம். பயிற்சி வீடியோக்கள் நூறு பிளாக்குகளை வரிசையாகக் காட்டும். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றும், எதுவும் மனதில் நிற்காது. நீங்கள் வாரா வாரம் செய்யும் வேலைகளை மட்டும் எழுதிப் பாருங்கள்: புதிய பதிவு, ஒரு படம், வகை, வெளியிடுதல், மறுமொழிகளை அனுமதித்தல். பெரும்பாலானவர்களுக்கு இதைத் தாண்டாது. வெளியிடாத ஒரு வரைவுப் பதிவைத் திறந்து இந்த வேலைகளை மட்டும் செய்து பாருங்கள். பழைய திரையில் கை தானாகப் போன இடங்களுக்குப் புதிய இடங்கள் பழகியபின் மற்றதெல்லாம் தேவைப்படும்போது தேடினால் போதும். எதையாவது தேடும்போது கன்ட்ரோலும் கே-யும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், 6.3 பதிப்பிலிருந்து எடிட்டருக்குள் ஒரு தேடல் பெட்டி திறக்கும், போக வேண்டிய பக்கத்தின் பெயரைத் தட்டினால் அங்கே கொண்டுபோய் விடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் சில விஷயங்கள். பிளாக் எடிட்டரில் சாய்கோட்டைத் தட்டினால் பிளாக்குகளின் பட்டியல் வரும் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். தமிழ்99 விசைப்பலகையில் அந்த விசையில் இருப்பது 'ழ'. பட்டியல் வராது, 'ழ'தான் வரும். ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டலாம், அல்லது அந்த வேலையே வேண்டாம் என்று இடது மேல் பக்கம் உள்ள கூட்டல் குறியைப் பயன்படுத்துங்கள்.

என்டர் தட்டினால் புதிய பத்தி, அதாவது புதிய பிளாக். கவிதை எழுதுபவர்களை இது படுத்தி எடுக்கும். வரிக்கு வரி பெரிய இடைவெளி விழும். ஷிஃப்ட்டோடு சேர்த்து என்டர் தட்டினால் அதே பத்திக்குள் அடுத்த வரி வரும்.

இன்னொன்று, பதிவின் முகவரி. பழைய திரையில் தலைப்புக்கு அடியிலேயே முகவரி தெரிந்தது, திருத்துவதும் எளிது. இப்போது அது 'போஸ்ட்' தாவலுக்குள் போய்விட்டதால் பலர் பார்ப்பதே இல்லை. தமிழுக்கு இது நல்லதல்ல. முகவரியின் கடைசிப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழ்த் தலைப்பை அது குறிகளாக மாற்றிச் சேமிக்கும்போது ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 9 இடம் போகிறது. 'பு' என்ற ஓர் எழுத்திலேயே இரண்டு குறிகள் இருக்கின்றன. ஆக, 22 குறிகளுக்குள் முகவரி முடிந்துவிடும். நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வெளியிடுவதற்கு முன் 'போஸ்ட்' தாவலில் முகவரியைத் தேடி, சுருக்கமாக நீங்களே ஒன்று கொடுத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகளைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கும்.

வெளியிடும் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டியிருப்பதும் மூத்தவர்களுக்குப் பெரிய குழப்பம். முதல் முறை அழுத்தியதும் பதிவு வெளியாகிவிட்டது என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அது வரைவாகவே கிடக்கும். வகை, தேதி எல்லாம் சரிபார்க்க வைக்கும் ஏற்பாடு அது. 'ப்ரிஃபரன்சஸில்' வெளியிடுவதற்கு முந்தைய சரிபார்ப்பை அணைத்தால் ஒரே அழுத்தில் வெளியாகும். ஆனால் அந்தத் திரையைப் பார்க்கும்போதுதான் பலருக்கு வகை போடாதது நினைவுக்கு வருகிறது. பழகியவர்களுக்கு அப்படியே விட்டுவிட்டு, குழம்புகிறவர்களுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

இனி, பழைய எழுதும் திரை. 'கிளாசிக் எடிட்டர்' என்ற ப்ளகின் வேர்ட்பிரஸ் குழுவே வெளியிட்டது. போட்டுவிட்டு அமைப்புகளில் 'எழுதுதல்' பகுதிக்குப் போனால் இரண்டு கேள்விகள் இருக்கும்: எல்லோருக்கும் இயல்பாக எந்த எடிட்டர், பயனர்கள் தாங்களே மாற்றிக்கொள்ளலாமா. மாற்றிக்கொள்ளலாம் என்று வையுங்கள். மூத்தவர்கள் இருவரும் பழைய திரையில் எழுதட்டும், மற்றவர்கள் புதியதில் எழுதட்டும். ஒரே தளத்தில் இரண்டும் ஓடும். 2021 வரைதான் ஆதரவு என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்கள். பிறகு தேவை உள்ளவரை என்று நீட்டித்துவிட்டார்கள். விட்ஜெட் பக்கத்துக்கும் அதே போல 'கிளாசிக் விட்ஜெட்ஸ்' இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிளாக்குகளில் எழுதிய பதிவைப் பழைய திரையில் திறந்து திருத்தினால் பிளாக்குகளின் அமைப்பு குலையலாம். யார் எதில் தொடங்கினாரோ அவரே அதில் முடிக்கட்டும்.

இந்த ப்ளகினைப் போடுவது தோல்வி என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எழுபது வயதில் ஒருவர் தொடர்ந்து எழுதுகிறார் என்றால் அவர் எழுதுவதுதான் முக்கியம், எந்தப் பெட்டியில் எழுதுகிறார் என்பதல்ல. அதே நேரத்தில், நீங்கள் தளத்தை நிர்வகிப்பவர். நீங்கள் புதியதைப் பழகிக்கொள்ளுங்கள். புதிய வசதிகளும் திருத்தங்களும் வருவது அதற்குத்தான்.

பழைய ப்ளகின்களையும் ஒரு பார்வை பாருங்கள். சிலவற்றின் பெட்டிகள் எழுதும் இடத்துக்குக் கீழே போய்க் கிடக்கும், சில வேலையே செய்யாது. திரை பாதி வெறுமையாகவோ பொத்தான்கள் கலைந்தோ தெரிந்தால் முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பக்கத்தை முழுதாகப் புதுப்பியுங்கள். பழைய கோப்புகள் உலாவியில் தங்கியிருப்பதுதான் பல நேரம் காரணம். அதற்கும் அடங்கவில்லை என்றால் 'ஹெல்த் செக் அண்டு ட்ரபுள்ஷூட்டிங்' என்ற ப்ளகினைப் போடுங்கள். அதன் சோதனை முறையில் மற்ற ப்ளகின்கள் உங்களுக்கு மட்டும் அணைந்திருக்கும், வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போல் ஓடும். ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் எது தகராறு செய்கிறது என்று பிடிபட்டுவிடும்.

மூத்தவர்களுக்கு எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்றால் உலாவியில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்திப் பெரிதாக்கிக் கொடுங்கள்; அந்தத் தளத்துக்கு மட்டும் உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அவர்களது சுயவிவரப் பக்கத்தில் வண்ணத் திட்டத்தையும் மொழியையும் தனியாகத் தேர்வு செய்யலாம். டாஷ்போர்டு மொழியைப் பயனருக்குப் பயனர் மாற்றும் வசதி 2016 டிசம்பரில் வந்த 4.7-இலிருந்தே இருக்கிறது, ஆகவே அவர்களுக்குத் தமிழிலும் உங்களுக்கு ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளலாம். மறுமொழிகளை அதிகம் கையாளுபவர் உங்களில் யாராவது இருந்தால் அதே சுயவிவரப் பக்கத்தில் விசைப்பலகைக் குறுக்கு வழிகளை இயக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜே, கே விசைகளால் கீழும் மேலும் நகர்ந்து, ஏ அழுத்தினால் அனுமதி, எஸ் அழுத்தினால் ஸ்பாம், டி அழுத்தினால் குப்பைத்தொட்டி. விசைப்பலகை அப்போது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

முதலில் ஹோஸ்டிங்காரர்களிடம் தீம் பற்றிக் கேட்டுவிட்டு, கிளாசிக் எடிட்டரைப் போட்டு மூத்தவர்களை எழுத விடுங்கள். தீமின் பெயரும் அதன் பதிப்பும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், விட்ஜெட்டுகளை மீட்பது எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன்.